ஏழுக்கு ஏழு

ஏழு நாள் மலைமேல், ஏழு நாள் வீட்டில்.
சுரங்கத்தின் கணக்கு இது.
ஒன்றரை வயதுக்கு
இந்தக் கணக்கு தெரியாது.

பேருந்து என்னை இறக்கிவிட்ட புதன்கிழமை
அந்தோஃபகஸ்தாவில் பனிமூட்டம் கடலைத் தின்றுகொண்டிருந்தது.
நான்காவது மாடி. லிஃப்ட் பழுது.
காதுக்குள் இன்னும் செம்புத் தூசி.
கதவைத் திறந்து "மிலென்கா!" என்றேன்,
மூவாயிரம் மீட்டர் உயரத்தில்
இயந்திரங்களுக்கு நடுவே கத்திப் பழகிய குரலில்.

அவள் யஸ்னாவின் முழங்காலுக்குப் பின்னால் போனாள்.
அங்கிருந்து ஒரு கண் மட்டும் பார்த்தது,
மீட்டர் ரீடிங் எடுக்க வந்த ஆளைப் பார்ப்பதுபோல.

தூக்கினேன். வில்லாக வளைந்தாள்.
அழுத அழுகையில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.
உன் மூக்கு, உன் நெற்றி என்று
கட்டடமே சொல்லும் பிள்ளை
இரண்டு கையாலும் என் மார்பைத் தள்ளியது.

முன்னூறு டன் லாரி ஓட்டுகிறேன்.
சக்கரமே என்னைப்போல் இரண்டு ஆள் உயரம்.
பின்னால் எடுக்கும்போது அங்குலம் பிசகாது.
பதினோரு கிலோவை எப்படி நெருங்குவது என்று
யாரும் எனக்குப் பயிற்சி தரவில்லை.

யஸ்னா சொன்னது ஒன்றுதான்:
"உட்கார். தரையில். சும்மா இரு."

உட்கார்ந்தேன்.
சுவரில் சாய்ந்து, கால் நீட்டி,
கைபேசியைக் காலணிக்குள் போட்டுவிட்டு.
அவள் ஒரு துணி க்ளிப்பை எடுத்தாள். மஞ்சள்.
வைத்தாள். எடுத்தாள்.
பார்க்காதமாதிரி என்னைப் பார்த்தாள்.
நானும் பார்க்காதமாதிரி.
கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ,
க்ளிப் என் முழங்கால்மேல் வந்து உட்கார்ந்தது.
"நன்றி" என்றேன்,
குரலை அவள் அளவுக்குக் குறைத்து.
உடனே பிடுங்கிக்கொண்டாள்.
மறுபடி கொடுத்தாள். மறுபடி பிடுங்கினாள்.
பதினான்கு வரை எண்ணினேன்.
பிறகு எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை வாழைப்பழத்தில் பாதி எனக்கு.
மென்ற பாதி.
சனிக்கிழமை, மழையே பார்க்காத இந்த ஊரில்,
என் தலைமேல் ஒரு கோப்பைத் தண்ணீர் கவிழ்ந்தது.
திங்களன்று சூப்பர்மார்க்கெட்டில் விழுந்து புரண்டாள்.
பக்கத்தில் நானும் புரளலாம்போல இருந்தது.
குந்தினேன்.
உருளைக்கிழங்குக் குவியல் ஓரமாக
இருவரும் மூச்சு வாங்கினோம்.
அவளே எழுந்து கையைப் பிடித்தாள்.
கை இல்லை, ஒரு விரல்.

செவ்வாய் இரவு பை கட்டினேன்.
எனக்கு ஒரு வழக்கம்:
விடிகாலை நாலரைக்குக் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு
திருடன்போல் படியிறங்குவது.
அவள் அழக்கூடாது என்றுதான்,
என்று சொல்லிக்கொள்வேன்.
அந்த அழுகையை நான் கேட்கக்கூடாது என்பது
யஸ்னாவுக்குத் தெரியும்.

விளக்கைப் போடாமல் சொன்னாள்:
"நீ போன பிறகு ஒவ்வொரு முறையும்
குளியலறைக் கதவைத் திறந்து பார்க்கிறாள்.
சோபாவுக்குப் பின்னால் பார்க்கிறாள்.
ஒருநாள் வாஷிங் மெஷினுக்குள்ளும்.
கண்ணாமூச்சி என்று நினைத்திருக்கிறாள், நிபால்தோ.
இரண்டு நாள் தேடுவாள். அப்புறம் விட்டுவிடுவாள்.
நீ திரும்பி வருவது
அவள் விட்டுவிட்ட பிறகு."

நாலு மணிக்கு எழுப்பினேன்.
தலைமுடி ஒருபக்கம் குத்திட்டு நின்றது.
பையைக் காட்டினேன். காலணியைக் காட்டினேன்.
"அப்பா வேலைக்குப் போய்விட்டு வருகிறேன்."
தொப்பியைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.
நான்கு மாடியும் அந்த அழுகை
என்கூடவே இறங்கி வந்தது.

பேருந்தில் பக்கத்து இருக்கை உர்பினா,
கண்ணுக்கு என்ன என்றான்.
தூசி என்றேன்.
இன்னும் ஊரையே தாண்டவில்லையே என்றான்.
சட்டைப்பையில் கைவிட்டால் மஞ்சள் க்ளிப்.
கடைசியாகக் கொடுத்தவள்
பிடுங்கிக்கொள்ள மறந்திருக்கிறாள்.

அடுத்த புதன். அதே லிஃப்ட், அதே பழுது.
கதவைத் தட்டிவிட்டு நின்றேன். கத்தவில்லை.
முழங்காலுக்குப் பின்னால் மறுபடியும் ஒரு கண்.
ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது,
உள்ளங்கை மேலாக,
கொடுத்த கடனை வசூலிக்க வந்தவள்போல.

முதலில் தரையில் உட்கார்ந்தேன்.
பிறகுதான்
சட்டைப்பையில் கைவிட்டேன்.